முயலுக்குக் கேரட் தின்பண்டம்... புல்தான் சாப்பாடு!

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஷிஃப்ட் பேருந்துகள் விடியும் முன்பே குன்றத்தூர் சாலைகளில் ஓடத் தொடங்கிவிடுகின்றன. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர்கள் இவை. இன்று வயலுக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடி வீடுகளும் வாடகைக் குடியிருப்புகளும் எழுந்து நிற்கின்றன. மாடு கட்ட இடமில்லை. ஆடு வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். பிள்ளைகளோ ஏதாவது ஓர் உயிரை வளர்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். கடைசியில் ஒரு ஜோடி முயல் வீட்டுக்கு வருகிறது.

வந்த அன்று கேரட் கொடுக்கிறார்கள். மறுநாள் முட்டைக்கோஸ். பிள்ளைகள் தாங்கள் தின்னும் பிஸ்கட்டையும் பொரியையும் நீட்டுகிறார்கள். முயல் எல்லாவற்றையும் ஆசையாகத் தின்கிறது. இருபது நாள் துள்ளி விளையாடிய முயல், ஒருநாள் காலையில் மூலையில் குறுகி உட்கார்ந்துவிடுகிறது. எதையும் தொடுவதில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர், ‘சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று படுத்துவிடுகிறார். சாயங்காலம் முயல் உயிரோடு இல்லை. கண் பட்டது என்பார்கள், பூனை பயமுறுத்தியிருக்கும் என்பார்கள். பெரும்பாலும் காரணம் தீவனத் தட்டில்தான் இருக்கும்.

முயல் நோஞ்சான் பிராணி அல்ல. சரியான தீவனமும் நிழலும் கிடைத்தால் எட்டு முதல் பத்து ஆண்டுகள் வரை வாழும். அதற்குச் செலவும் அதிகமில்லை. முயலின் பல்லும் வயிறும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் போதும்.

வளரும் பல், நிற்காத வயிறு

முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் அரைத்துத் தின்றால்தான் இந்த வளர்ச்சி தேய்ந்து சமமாகும். மென்மையான தீவனம் மட்டும் தின்றால் கடைவாய்ப் பற்களில் கூர் விழுந்து, நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். பசி இருந்தும் தின்ன முடியாமல், எச்சில் ஒழுகி, முயல் மெலிந்துபோகும்.

அடுத்தது வயிறு. மாடு, ஆட்டுக்கு அசைபோடும் இரைப்பை முன்னால் இருக்கிறது. முயலுக்குச் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிரிகள்தாம் புல்லின் நாரை நொதிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. அப்படி உண்டாகும் சத்து, திராட்சைக் கொத்துப்போல மென்மையான புழுக்கையாக வெளியே வருகிறது. முயல் அதைத் தரையில் விழவிடாமல் வாய்வைத்துத் தின்றுவிடும். நாம் கூண்டில் பார்க்கும் உருண்டையான, காய்ந்த புழுக்கைதான் கழிவு.

குடல் நகர்ந்துகொண்டே இருக்க நார் வேண்டும். நார் குறைந்து, மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடினால் குடல் ஓட்டம் மந்தமாகும், நல்ல நுண்ணுயிரிகள் குறையும், வாயு சேரும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வழி நின்றால் உயிருக்கு ஆபத்து.

பண்ணைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு

கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம், நீலகிரி சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றின் வழியாகச் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் போன்ற இறைச்சி இனங்கள் தமிழக விவசாயிகளுக்கு அறிமுகமானவை. அந்தப் பண்ணைகளுக்கான தீவன அட்டவணையில் மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, கோதுமைத் தவிடு சேர்ந்த அடர் தீவனத்துக்கு முக்கிய இடம் உண்டு. குட்டி மூன்று மாதத்தில் 2 கிலோ எடையைத் தொட வேண்டும் என்பது பண்ணையின் கணக்கு.

வீட்டு முயலுக்கு அந்த அவசரம் இல்லை. அது பல ஆண்டுகள் வாழ வேண்டியது. இறைச்சி முயலின் தீவனத்தை அதற்குத் தொடர்ந்து கொடுத்தால் கொழுப்புக் கட்டும், கல்லீரல் கெடும், பின்பக்கம் அசிங்கமாகி ஈ மொய்த்துப் புழு வைக்கும். முயல் பண்ணை வைத்த அனுபவமுள்ள விவசாயிகளும் வீட்டு முயல் விஷயத்தில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எந்தப் புல் நல்லது?

தீவனத்தில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். காய்ந்த புல்லும் பச்சைப் புல்லும் கலந்து, இரவு பகல் எந்நேரமும் கூண்டில் இருக்கலாம். புல்லுக்கு மட்டும் அளவு கிடையாது. முயலின் உடல் அளவுக்கு ஒரு குவியல் ஒருநாளுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாடுகளில் ‘திமோத்தி’ என்ற காய்ந்த புல்லைக் கொடுப்பார்கள். இங்கே கடைகளில் கிடைத்தாலும் இறக்குமதிச் சரக்கு என்பதால் விலை கூடுதல். நம் ஊர் அருகம்புல், கொழுக்கட்டைப் புல் ஆகியவை அந்த வேலையை நன்றாகவே செய்யும். மக்காச்சோளத் தோகையும் கொடுக்கலாம். கம்பு நேப்பியர் வளர்ப்பவர்கள் இளந்தோகையைக் கொடுக்கலாம். ஆனால் அதில் ஆக்சலேட் என்ற பொருள் இருப்பதால், அதையே தினமும் முழுத் தீவனமாக வைக்காமல் மற்ற புற்களோடு கலந்து வைப்பது நல்லது. இளம் சோளப்பயிரை மாட்டுக்குக் காட்டக் கூடாது என்பது விவசாயிகளுக்குத் தெரியும். முயலுக்கும் அது விஷம்.

வைக்கோலை முயல் கடித்து விளையாடும். படுக்கைக்கும் ஆகும். சத்து குறைவு என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது.

தீவனப் பயிர்களில் குதிரை மசால், வேலி மசால் வரிசையில் ஸ்டைலோவுக்கு ‘முயல் மசால்’ என்றே பெயர். பெயரைப் பார்த்து அதை மட்டும் வெட்டிப் போடக் கூடாது. மசால் வகைகள் எல்லாம் பயறு குடும்பம். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல். வளரும் குட்டிக்கும், சினை முயலுக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் அது நல்ல தீவனம். ஏழு மாதத்தைத் தாண்டிய வளர்ந்த முயலுக்கு ஒரு கைப்பிடி போதும். கூடினால் சிறுநீரில் சுண்ணாம்பு படிந்து, கல்லடைப்பு வரை கொண்டுபோய் விடும்.

புல்லை உலர்த்திச் சேமிப்பது எளிது. பூ எடுக்கும் முன் அறுத்து, நிழலில் மெல்லிய பரப்பாக விரித்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை புரட்டிவிட வேண்டும். தண்டை மடக்கினால் ‘பட்’டென்று ஒடியும் பதம் வந்ததும், காற்றோட்டமான இடத்தில் தரையில் படாமல் வைக்கலாம். பச்சை நிறமும் புல் வாசமும் இருந்தால் நல்ல சரக்கு. பூசணம் பிடித்த வாடை அடித்தால் குப்பைக்குழிக்குத்தான் போக வேண்டும். முயலுக்குக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் காயாது என்பதால் புரட்டாசிக்குள் ஒரு மூட்டை சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

பசும்புல்லை அறுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். லாரி ஓடும் சாலையோரம், கழிவுநீர்க் கால்வாய்க் கரை, பூச்சிமருந்து அடித்த வயலின் வரப்பு, தெருநாய்கள் திரியும் காலிமனை ஆகிய இடங்களில் அறுக்கக் கூடாது. இடம் உள்ளவர்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கடிக்கு நான்கடி அருகம்புல் பாத்தி போடலாம். மாடியில் இருப்பவர்கள் தொட்டியில் வளர்க்கலாம். குடியிருப்புகளுக்கு அருகே நிலம் வைத்திருக்கும் விவசாயிகள், சுத்தமான புல் கட்டுகளை வாரம் இருமுறை கொண்டுபோய்க் கொடுத்தால் முயல் வளர்க்கும் வீட்டாருக்கு உதவி, தங்களுக்குக் கைச்செலவுக்கு வருமானம்.

2 கிலோ முயலுக்கு ஒருநாள் தீவனம்

புல்: எப்போதும், வேண்டிய மட்டும்.

கீரை, இலை: அமுக்கி அளந்தால் இரண்டு கப். காலை ஒன்று, மாலை ஒன்று.

குச்சித் தீவனம்: அதிகபட்சம் 50 கிராம். அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு 25 கிராம். முயலுக்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும். புல்லும் கீரையும் நன்றாகக் கிடைத்தால் இதிலும் பாதி போதும்.

தண்ணீர்: சுமார் 200 மில்லி குடிக்கும். கோடையில் இன்னும் கூடும். எந்நேரமும் இருக்க வேண்டும்.

கீரையில் ஒரே வகையைத் தினமும் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் சரியான முறை. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை ஆகியவை நல்ல தேர்வு. முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, பாலக் ஆகியவற்றில் ஆக்சலேட் அதிகம் என்பதால் வாரத்தில் இரண்டு நாள் போதும். முருங்கை, அகத்தி, கல்யாண முருங்கை இலைகளில் சத்து அதிகம். அவையும் வாரம் இரண்டு நாள், ஒரு சிறு கொத்து. முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் இலை சில முயல்களுக்கு வாயு உண்டாக்கும். சிறிதளவு கொடுத்துப் பார்த்து, வயிறு ஏற்றுக்கொண்டால் தொடரலாம். எந்தக் கீரையாக இருந்தாலும் இரண்டு மூன்று முறை அலசி, தண்ணீர் வடித்துக் கொடுக்க வேண்டும்.

தின்பண்டம் எவ்வளவு?

முயல் என்றால் கேரட் என்பது பாடப்புத்தகப் படமும் கார்ட்டூனும் மனதில் பதியவைத்த எண்ணம். 1940-ல் திரைக்கு வந்த ‘பக்ஸ் பன்னி’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் முயல் கையில் கேரட்டோடு உலகம் சுற்றியது. காட்டில் வாழும் முயலோ மண்ணைத் தோண்டிக் கிழங்கு தேடுவதில்லை. புல்லும் இலையும்தான் அதன் சாப்பாடு. கேரட்டில் சர்க்கரை கூடுதல். ஆகவே அது தின்பண்டம்.

ஆசைக்குக் கொடுப்பதில் தவறில்லை. கட்டைவிரல் நுனி அளவுத் துண்டு, வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை என்பது பாதுகாப்பான அளவு. கேரட், கொய்யா, பப்பாளி, விதை நீக்கிய ஆப்பிள், வாழைப்பழம் இவற்றில் ஏதாவது ஒன்று. எல்லாம் சேர்த்து அல்ல. பிள்ளைகள் தினமும் ஏதாவது ஊட்ட ஆசைப்பட்டால், ஒரு கொத்தமல்லிக் காம்பையோ புதினா இலையையோ கையில் கொடுத்துவிடலாம். முயல் அதையும் ஓடிவந்து வாங்கும். பிள்ளைக்கும் மகிழ்ச்சி, வயிற்றுக்கும் கேடில்லை. கொய்யா, மா மரங்களின் மருந்தடிக்காத சிறு குச்சிகளைக் கடிக்கப் போட்டால் பொழுதும் போகும்.

தொடவே கூடாதவை

பிஸ்கட், ரொட்டி, சோறு, இட்லி, முறுக்கு, பொரி, சாக்லேட், மிட்டாய்: மாவும் சர்க்கரையும் குடலைக் கெடுக்கும். சாக்லேட் முயலுக்கு நஞ்சு.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கும் அதன் இலையும், தக்காளிச் செடியின் இலை, தண்டு, அவகேடோ: கூடாது.

அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, உண்ணிச்செடி, பார்த்தீனியம், மரவள்ளி இலை: புல்லோடு கலந்து வந்துவிடும். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

சூபாபுல் எனப்படும் சவுண்டல்: ஆட்டுக்கு நாம் அளவோடு கொடுக்கும் இலைதான். இதில் உள்ள மிமோசின் என்ற பொருள் முயலுக்கு முடி கொட்டச் செய்யும். தவிர்த்துவிடலாம்.

மூட்டையில் அமுக்கிவைத்துச் சூடேறிய பசும்புல்: அறுத்ததும் விரித்து ஆறப்போட வேண்டும். புளித்த புல் வயிற்றை உப்பவைக்கும்.

புதுத் தீவனம் மெல்ல மெல்ல

இதுவரை கேரட்டும் பிஸ்கட்டும் தின்ற முயலை நாளைக்கே புல்லுக்கு மாற்றிவிடக் கூடாது. பிஸ்கட் போன்ற மாவுப் பண்டங்களை உடனே நிறுத்தலாம். கேரட்டையும் குச்சித் தீவனத்தையும் நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்து, புல்லை எப்போதும் பக்கத்தில் வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் பழகிவிடும். முயலைப் பட்டினி போட்டுப் பழக்க நினைப்பது ஆபத்து.

குட்டி வாங்குபவர்கள், ஆறு வாரம் தாய்ப்பால் குடித்த குட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். விற்பவரிடம் இதுவரை என்ன தீவனம் கொடுத்தார் என்று கேட்டு, ஒரு வாரத்துக்கு அதையே புல்லோடு தொடரலாம். கீரையை மூன்று மாத வயதுக்குப் பிறகு, ஒவ்வொரு வகையாக, சிறு அளவில் தொடங்குவது நல்லது.

ஷிஃப்ட் வேலையும் முயல் தீவனமும்

முயல் வெயில் நேரத்தில் படுத்துக்கிடக்கும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் சுறுசுறுப்பாகத் தின்னும். ஷிஃப்டுக்குப் போகும் குடும்பங்களுக்கு இது வசதிதான். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, மாலையில் வந்ததும் ஒருமுறை என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டில் ஆள் இல்லாத நேரத்துக்குப் புல்லும் தண்ணீரும் நிறைய இருந்தால் போதும்.

கோடையில் இன்னும் கவனம் வேண்டும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும். தீவனம் குறையும். தகரக்கூரைக்குக் கீழும், மேற்கு வெயில் விழும் பால்கனியிலும் கூண்டு இருக்கக் கூடாது. ஈரச்சாக்கு கட்டி, மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தண்ணீர் உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைக்கலாம். இரண்டு இடத்தில் தண்ணீர் வைத்தால் ஒன்று கவிழ்ந்தாலும் மற்றொன்று இருக்கும்.

புழுக்கையைப் பார்த்தால் தெரியும்

கூண்டைக் கூட்டும்போது புழுக்கையைக் கவனிப்பதுதான் தினசரிப் பரிசோதனை. உருண்டையாக, ஒரே அளவில், உடைத்தால் நார் தெரியும்படி நிறைய இருந்தால் வயிறு சரியாக இருக்கிறது. சிறுத்து, கறுத்து, எண்ணிக்கை குறைந்தால் புல் போதவில்லை. மென்மையான புழுக்கை தின்னப்படாமல் ஒட்டிக் கிடந்தால் அடர் தீவனமோ இனிப்போ கூடிவிட்டது.

முயல் 12 மணி நேரம் எதையும் தின்னவில்லை அல்லது புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரம். வயிறு இறுகியிருப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, குறுகி உட்காருவது எல்லாம் வலியின் அடையாளம். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, குன்றத்தூரிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. முயல் வளர்ப்புச் சந்தேகங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பவை

முயலுக்குத் தண்ணீர் வைத்தால் செத்துவிடும் என்கிறார்களே?

தவறான நம்பிக்கை. தண்ணீர் இல்லாவிட்டால்தான் குடலில் தீவனம் இறுகி உயிர்போகும். உடம்பை நனைக்கக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது என்பது சரி. குடிக்கத் தண்ணீர் எப்போதும் வேண்டும்.

முயல் தன் புழுக்கையையே தின்கிறது. பூச்சி மருந்து கொடுக்கலாமா?

அது நோய் அல்ல. முன்னே சொன்ன மென்மையான புழுக்கையைத்தான் தின்கிறது. அதைத் தடுத்தால் முயலுக்குச் சத்துக்குறைவு வரும்.

சிறுநீர் சிவப்பாக இருக்கிறது. ரத்தமா?

சில இலைகளைத் தின்ற பிறகு அவற்றின் நிறமிகளால் சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் போவது உண்டு. ஓரிரு நாளில் மாறிவிடும். முக்கிக்கொண்டு சிறுநீர் கழித்தாலோ, சுண்ணாம்புக் குழம்புபோல் கெட்டியாகப் போனாலோ, சிவப்பு மாறாவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் கோழித் தீவனமும் மாட்டுத் தீவனமும் இருக்கிறது. அதையே கொடுக்கலாமா?

கூடாது. கோழித் தீவனத்தில் சேர்க்கும் மருந்துகளில் சில முயலுக்கு நஞ்சாகும். மாட்டுத் தீவனம் அசைபோடும் பிராணிக்காகத் தயாரிப்பது.

வயிறு சரியில்லை என்று மனிதர்களுக்கான மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. பென்சிலின், அமாக்சிசிலின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிரிகள் அழிந்து, இறப்புகூட நேரும்.

ஏரிக்கரையில் காட்டு முயல்குட்டி கிடைத்தது. வளர்க்கலாமா?

கூடாது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தாய் முயல் குட்டியைப் புதரில் விட்டுவிட்டு, பால் கொடுக்க மட்டுமே வந்துபோகும். தனியாகக் கிடப்பதால் அநாதை என்று நினைக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் அதற்குச் செய்யும் உதவி.

முயல் புழுக்கையைச் செடிகளுக்குப் போடலாமா?

தாராளமாகப் போடலாம். மக்கவைக்காமலேயே தொட்டிச் செடிக்கும் கீரைப் பாத்திக்கும் இடலாம். பச்சையாகத் தின்னும் கீரைக்கு மட்டும் மக்கவைத்துப் போடுவது நல்லது. அருகம்புல் தொட்டிக்கே அதைத் திருப்பிப் போட்டால், முயல் தன் அடுத்த வேளைப் புல்லுக்குத் தானே உரம் கொடுத்ததாகும்.